மலை ஏத்துறது ஈஸி, வாயை மூடிட்டு கூட நடக்குறது தான் கஷ்டம்

ஏலகிரில மங்கலம் கிராமத்துல இருந்து சுவாமிமலைக்கு ஏறுற பாதைல பாதி தூரம் தாண்டினதும் ஒரு இடத்துல தடம் ரெண்டா பிரியும். வலது பக்கம் போனா மேல போகலாம், இடது பக்கம் ஆடு மேய்க்கிறவங்க போற தடம், கொஞ்ச தூரம் நல்லா அகலமா போய் நம்மள நம்ப வெச்சுட்டு அப்புறம் முள்ளுக்குள்ள முடிஞ்சிடும். போன டிசம்பர்ல எங்க டிரஸ்ட்ல இருந்து கூட்டிட்டுப் போன 12 பிள்ளைங்களோட அங்க நிக்கிறோம். அன்னைக்கு லீடர் ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன், கையில ஒரு மேப், முந்தின நாள் நைட் உள்ளூர் கைடு அண்ணன் கிட்ட கேட்டுக் கேட்டு பிள்ளைங்களே நோட்டுப் பேப்பர்ல பேனால வரைஞ்சது. அவன் அதை ரெண்டு தடவை திருப்பிப் பாத்துட்டு கெத்தா "லெஃப்ட்டு"ன்னான்.

எனக்கு வாய் தானா திறக்குது. "கண்ணா, ஒரு தடவை"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள கூட வந்த இன்னொரு வாலண்டியர் என் கைய நல்லா கிள்ளிட்டா. கைடு அண்ணன் துண்டை வாய்ல வெச்சு சிரிப்ப அடக்கிட்டு நிக்கிறார். சரின்னு எல்லாரும் லெஃப்ட்ல போனோம். ஒரு இருபது நிமிஷம். முள்ளுப் புதர் வந்துச்சு, பாதை இல்ல. அப்புறம் என்ன, சண்டை தான். யார் மேப் வரைஞ்சது, யார் லெஃப்ட் சொன்னது, எனக்கு அப்பவே தெரியும்னு நாலு பேர், தண்ணி தீந்து போச்சுன்னு ஒருத்தன், லீடர் பையன் மூஞ்சி சிவந்து போய் "அப்போ நீயே லீடரா இருடா"ன்னு மேப்ப தூக்கிக் கடாசிட்டான். நாங்க மூணு பெரியவங்களும் ஒரு பாறைல உக்காந்து ஷூ லேஸை அவுத்து கட்டி அவுத்து கட்டி, சத்தியமா சொல்றேன், அந்த நேரம் எனக்கு பிரசவ வலி மாதிரி இருந்துச்சு.

கடைசில பேசினது, ரெண்டு நாளா வாயே திறக்காம கடைசி ஆளா வந்துட்டிருந்த ஒரு பொண்ணு. கீழ கிடந்த மேப்ப எடுத்து மண்ணைத் தட்டிட்டு, "பிரியற இடத்துல வலது பக்கம் பாறைல வெள்ளை பெயிண்ட்ல அம்பு மாதிரி ஏதோ போட்டிருந்துச்சு, நான் பாத்தேன்"ன்னா. ஏண்டி அப்பவே சொல்லலன்னு எல்லாரும் அவ மேல பாய, அவ ரொம்ப சாதாரணமா "யாரும் என்னை கேக்கல"ன்னா. அதுக்கு அப்புறம் பத்து செகண்டு யாரும் பேசல. திரும்பி நடந்தோம்.

நான் மட்டும் அந்த இடத்துல வாயத் திறந்திருந்தா நாப்பது நிமிஷம் மிச்சம், ஒரு சண்டை மிச்சம், அந்தப் பொண்ணு இன்னைக்கு வரைக்கும் கடைசி ஆளாவே நடந்திருப்பா.

கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன். நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை. ஆறு வருஷமா ஒரு சின்ன டிரஸ்ட்ல வாலண்டியர். நாங்க பண்றது ஒண்ணே ஒண்ணு தான், ஹவுசிங் போர்டு பக்கத்து பிள்ளைங்க, 13ல இருந்து 16 வயசு, ஒரு பேட்ச்சுக்கு 12 பேர், அவங்கள மூணு நைட் மலைக்கு கூட்டிட்டுப் போறது. போறதுக்கு முன்னாடி நாலு ஞாயித்துக்கிழமை மீட்டிங், வந்ததுக்கு அப்புறம் ஆறு மாசம் தொடர்ந்து சந்திப்பு. சாயங்காலம் சென்ட்ரல்ல ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா நைட் ஜோலார்பேட்டை (பேரு தான் ஏலகிரி, டிரெயின் மலை ஏறும்னு நம்பி வந்த பிள்ளைங்களும் உண்டு), அங்க இருந்து வேன். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பேர் போர்டு வெச்சிருப்பாங்க, இருட்டுல டார்ச் அடிச்சு சத்தமா படிச்சுட்டே வருவாங்க, பாரி வளைவு கிட்ட எப்பவும் யாராவது ஒருத்தர் வாந்தி எடுப்பாங்க. வாந்தி வராம இருக்குற அவோமின் மாத்திரைய வேன் ஏறறதுக்கு நல்லா முன்னாடியே குடுத்துடுங்க, ஏறினதுக்கு அப்புறம் குடுத்து பிரயோஜனம் இல்ல.

இந்த ஐடியா நாங்க கண்டுபிடிச்சது இல்ல. 1941ல, ரெண்டாம் உலகப் போர் நடக்குறப்போ, வேல்ஸ்ல அபர்டோவின்னு ஒரு கடலோர ஊர்ல அவுட்வர்டு பவுண்டுன்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சது ரெண்டு பேர், குர்ட் ஹான்னு ஹிட்லரை எதிர்த்து ஜெர்மனிய விட்டு வெளியேற வேண்டி வந்த ஒரு வாத்தியார், லாரன்ஸ் ஹோல்ட்னு ஒரு கப்பல் கம்பெனி முதலாளி. ஹோல்ட்டோட கவலை என்னன்னா, கப்பல் முங்கினா உயிர்காக்கும் படகுல ஏறுறவங்கள்ல வயசான மாலுமிங்க தாக்குப் பிடிக்கறாங்க, தெம்பான வயசுப் பசங்க செத்துப் போறாங்க. உடம்புல பலம் இருக்கு, ஆனா கஷ்டத்துல மாட்டிப் பழக்கம் இல்ல, மனசு சீக்கிரம் கைவிட்டுடுதுன்னு அவர் நினைச்சார். அதுக்காக ஒரு மாச கோர்ஸ், கடல், மலை, மீட்புப் பயிற்சி எல்லாம். கப்பல் துறைமுகத்தை விட்டு கடலுக்குக் கிளம்புறதுக்கு மாலுமிங்க சொல்ற வார்த்தை தான் அந்தப் பேரு. 1950கள்லயே மலேசியால லுமுட்ல வந்துடுச்சு, 1967ல சிங்கப்பூர்ல. இதை எல்லாம் எங்க டிரஸ்ட் அக்கா முதல் மீட்டிங்ல சொன்னப்போ எனக்கு புல்லரிச்சுது, உண்மைய சொல்லணும்னா அந்தப் புல்லரிப்பு தான் என்னோட முதல் தப்புக்கே காரணம். கஷ்டத்துல தள்ளி விட்டா பிள்ளைங்க தானா வளந்துடும்னு நினைச்சுட்டேன். அவங்களுக்கு ஒரு மாசம் இருந்துச்சு, எங்களுக்கு மூணு நைட் தான்ற கணக்கும் மண்டைல ஏறல.

என் முதல் வருஷம். பாறைல கயிறு கட்டி இறங்குற ராப்பெல்லிங். பாதுகாப்புல குறை இல்ல, உத்தரகாசில என்ஐஎம்ன்ற மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துல பேசிக், அட்வான்ஸ், அப்புறம் சொல்லிக் குடுக்குறதுக்கான எம்ஓஐ கோர்ஸ் வரைக்கும் முடிச்ச இன்ஸ்ட்ரக்டர், ஹெல்மெட், இடுப்புல மாட்டுற ஹார்னஸ், கை விட்டாலும் விழாம பிடிச்சுக்கற பிலேக்கு தனியா இன்னொரு கயிறு. பதினோரு பேர் இறங்கிட்டாங்க. ஒரு பையன் மட்டும் விளிம்புல நின்னுட்டு இறங்க மாட்டேன்றான். நான் தான் ஆரம்பிச்சேன், கை தட்டி அவன் பேரை சொல்லி "முடியும், முடியும்"னு. எல்லாரும் சேந்து கத்த ஆரம்பிச்சாங்க. அவன் இறங்கினான். கீழ வந்து கால் தரைல பட்டப்போ பேன்ட் நனைஞ்சிருந்துச்சு. யாரோ ஒருத்தன் சிரிச்சான், அவ்ளோ தான். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் மீட்டிங்குக்கு வரல, அதுக்கு அடுத்த வாரமும் வரல, வீட்டுக்குப் போனா படிக்கட்டுல இறங்கி வேற பக்கம் போயிடுவான். நாங்க எடுத்த போட்டோல பாத்தா அவன் சூப்பரா இறங்கற மாதிரி தான் இருக்கு. அந்த போட்டோ ஒரு வருஷம் எங்க நோட்டீஸ்ல முதல் பக்கத்துல இருந்துச்சு, எடுக்க சொன்னது யாரும் இல்ல, நானே தான் போட்டேன், நானே தான் அப்புறம் எடுத்தேன்.

அமெரிக்கால ப்ராஜெக்ட் அட்வென்ச்சர்னு ஒரு அமைப்பு, 1971ல ஆரம்பிச்சது, அவங்க இதுக்கு வெச்சிருக்குற விதி ரொம்ப சிம்பிள், சவாலை எடுக்கறதா வேணாமான்னு அந்தப் பிள்ளையே முடிவு பண்ணட்டும். கேக்க ஈஸியா இருக்கும். நடைமுறைல என்னன்னா, வேணாம்னு சொல்ற பிள்ளைக்கும் அங்க ஒரு நிஜமான வேலை இருக்கணும். சும்மா ஓரமா உக்காருன்னு சொன்னா அது தண்டனை. இப்போ நாங்க பாறைக்குப் போனா மேல ஹார்னஸ் பக்கிள் செக் பண்ண ஒரு ஆள், கீழ கயிறை மண்ணு படாம சுத்தி வைக்க ஒரு ஆள், பேர் எழுதி நேரம் குறிக்க ஒரு ஆள்னு வேலை பிரிச்சிடறோம். எல்லாரும் மாறி மாறி பண்ணுவாங்க. யார் இறங்கல, யாருக்கு அப்போ டியூட்டின்னு யாருக்கும் கணக்கு தெரியாது. கை தட்டி பேர் சொல்லி கத்துறது மொத்தமா தடை, வாலண்டியருக்கும் சேத்து.

அம்மா அப்பாங்கள சம்மதிக்க வைக்கிறது தனிக் கதை. பையனுங்க விஷயத்துல "மலைக்குப் போய் என்னத்த கிழிக்கப் போறான்"னு ஒரு பேச்சோட முடிஞ்சிடும். பொண்ணுங்க விஷயத்துல பயம் ஒரு பக்கம், இன்னொண்ணு நாங்க ரொம்ப நாள் கவனிக்காம விட்டது, அந்தப் பொண்ணு மூணு நாள் இல்லன்னா வீட்டுல தண்ணி லாரி வர்றப்போ குடம் யார் பிடிக்கிறது, தம்பிய ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வர்றது. இதுக்கு பெண் கல்வி லெக்சர் எல்லாம் எடுபடாது. போன பேட்ச்ல வந்த பொண்ணோட அம்மாவ மீட்டிங்குக்கு வரச் சொல்லி பேச வெச்சோம், அவங்களே "நான் பாத்துக்கறேன் உன் குடத்தை"ன்னாங்க. தினமும் சாயங்காலம் 7 மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு போன், சிக்னல் இல்லாத இடம்னா முன்னாடியே சொல்லிடறது, பொண்ணுங்க வந்தா கண்டிப்பா ரெண்டு பெண் வாலண்டியர். பையில சானிட்டரி நாப்கின் எங்க இருக்குன்னு பையனுங்க உட்பட எல்லாருக்கும் தெரிய சொல்லிடுவேன், ஃபர்ஸ்ட் எய்டு மாதிரி. முதல் வருஷம் இதை நான் கொண்டு போகல, நான் ஒரு பொண்ணா இருந்தும். ஒரு பிள்ளை நாள் பூரா நடக்க முடியாம நடந்துட்டு நைட்டு தான் சொல்லுச்சு.

மெடிக்கல் ஃபார்ம்ல "ஆஸ்துமா உண்டா, இல்லையா"ன்னு கேட்டா எல்லாரும் இல்லன்னு தான் போடுவாங்க, உண்டுன்னு போட்டா பிள்ளைய கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு பயம். ரெண்டாவது வருஷம் ஒரு பையனுக்கு ஏத்தத்துல வீசிங் வந்து, அவங்க அம்மா பை அடில துணிக்குள்ள சுத்தி ஒளிச்சு வெச்சிருந்த இன்ஹேலர அவனே எடுத்தான். இப்போ நேர்ல தான் கேக்கறோம், அதுவும் "என்ன இருந்தாலும் கூட்டிட்டு தான் போவோம், என்ன மருந்து எடுத்துட்டுப் போகணும்னு மட்டும் சொல்லுங்கக்கா"ன்னு. பதில் மாறிடுச்சு. அப்புறம் பாம்பு. மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்குன்னு போன் பண்ணிக் கேட்டு வெச்சுக்கணும், அங்க போய் சேர எவ்ளோ நேரம்னும். கடிச்ச இடத்தை அறுக்கறது, உறிஞ்சறது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டறது எதுவும் கூடாது, அசையாம வெச்சு வண்டில ஏத்தணும். காலைல ஷூவ கவுத்து தட்டிட்டு தான் போடணும், தேளு. இது வரைக்கும் பாம்பு கடிக்கல, தேளு ரெண்டு தடவை ஷூல இருந்து விழுந்திருக்கு.

ஷூன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை யாரோ நல்ல மனசோட ஒரு மூட்டை பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ குடுத்தாங்க. சைஸ் சரியா இல்லாம பஞ்சு வெச்சு போட்டுட்டு வந்தாங்க, முதல் நாள் சாயங்காலமே எட்டு பேருக்கு கால்ல கொப்புளம். ஸ்கூலுக்குப் போடுற கேன்வாஸ் ஷூவே போதும், கீழ கோடு தேயாம இருக்கணும், ஒரு வாரமாவது போட்டு நடந்திருக்கணும், சாக்ஸ் ரெண்டு ஜோடி. காசு இருந்தா ஷூவ விட சாக்ஸ்க்கு செலவு பண்ணுங்க.

பர்மிஷன் விஷயத்துல விளையாடாதீங்க. 2018 மார்ச் 11, தேனி குரங்கணி காட்டுத்தீ, 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அவங்க நம்மள மாதிரி வீக்எண்டுக்கு மலை ஏறிப் பாக்கலாம்னு போனவங்க தான். அதுக்கு அப்புறம் தான் விதிமுறை எல்லாம் இறுகிச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகள அறிவிச்சு ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி கொண்டு வந்தாங்க, உள்ளூர் பழங்குடி இளைஞர்களே கைடா வர்றாங்க, எனக்கு அதுல பெரிய சந்தோஷம். பிப்ரவரி பாதில இருந்து கோடை மழை வர்ற வரைக்கும் புல்லு காஞ்சு கிடக்கும், நாங்க அந்த நேரத்துல எந்த மலைக்கும் போறதில்ல. பரீட்சை முடிஞ்ச லீவுல போகலாமேன்னு வருஷா வருஷம் யாராவது கேப்பாங்க, இல்லன்னா இல்ல தான்.

சமையலும் பிள்ளைங்க தான். தங்குற இடத்துல கேஸ் அடுப்பு, காட்டுக்குள்ள தீ பத்த வைக்கிறதே கிடையாது. நாலு நாலு பேரா டீம். டிசம்பர் பேட்ச்ல முதல் நாள் பையனுங்க டீம், சோறு மேல குழைஞ்சு நடுவுல அரிசி. அதைத் தான் எல்லாரும் தின்னோம், நானும். பிரெட் பாக்கெட் என் பைல இருந்துச்சு, எடுக்கல. அடுத்த நாள் மத்த டீம் முறைன்னு இருந்தும் அந்தப் பையனுங்களே திரும்ப கேட்டு வாங்கினாங்க. ஒருத்தன் போய் ஒரு பொண்ணு கிட்ட ரகசியமா கேக்கறான், அவ அவன் கைய பிடிச்சு அரிசி மேல விரலை வெச்சு "முதல் கோடு வரைக்கும் தண்ணி, அதுக்கு மேல ஊத்தாத"ன்னு காட்டிட்டு, வந்து என் பக்கத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்தா. "அக்கா, வீட்ல இந்நேரம் நான் உக்காந்ததே இல்ல"ன்னா. ஒரு நிமிஷம் சும்மா அடுப்ப பாத்துட்டே இருந்தா. அப்புறம் "அவன் உப்பு போடல, சொல்லட்டா?"ன்னு என்னை கேட்டா. நான் தலைய ஆட்டல, அவளும் சொல்லல.

நைட் வட்டமா உக்காந்து பேசுறது தான் எனக்கு இதுல முக்கியமான நேரம். ஆரம்பத்துல "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க"ன்னு கேப்போம். அவ்ளோ தான், எல்லாருக்கும் ஸ்கூல் குரல் வந்துடும், "ஒற்றுமையே பலம்னு கத்துக்கிட்டோம் அக்கா". நான் டீச்சர், நீ ஸ்டூடன்ட், மலை மறந்து போச்சு. இப்போ கேக்கறது "இன்னைக்கு எப்போ கோவம் வந்துச்சு", "யார் உனக்கு தண்ணி குடுத்தாங்க", "எப்போ வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுச்சு". அந்த மேப் சண்டை அன்னைக்கு நைட் லீடர் பையன் தானா பேசினான், மேப்ப கடாசினதுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்கல, "எங்க அப்பாவும் இப்டி தான் தூக்கிக் கடாசுவாரு"ன்னு மட்டும் சொன்னான். யாரும் அதுக்கு பதில் சொல்லல, சொல்லவும் கூடாது. ஆனா இந்த மாதிரி பேச்சு வந்தா ஊருக்கு வந்ததும் யார் கிட்ட கொண்டு போறதுன்னு முன்னாடியே ஏற்பாடு இருக்கணும், எங்களுக்கு ஒரு கவுன்சிலர் இருக்காங்க, இல்லன்னா சைல்டு லைன் 1098. கிளறி விட்டுட்டு டிரெயின் ஏத்தி அனுப்பறது பாவம்.

கடைசி நாள் இருபது நிமிஷம் தனியா உக்கார வைப்போம். விசில் கழுத்துல, எங்க கண்ணுல படற தூரம் தான், ஆனா அவங்களுக்கு பக்கத்துல யாரும் தெரிய மாட்டாங்க. ஏழு பேர் ஒரு ரூம்ல படுக்கற வீட்டுல இருந்து வர்ற பிள்ளைங்க. ஒருத்தன் வந்து "காது வலிக்குதுக்கா, சத்தமே இல்ல"ன்னான். இன்னொரு பொண்ணு முடிஞ்சு கூப்பிட்டப்போ "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு கைய காட்டுச்சு.

இவ்ளோவும் பண்ணிட்டு திங்கக்கிழமை காலைல அஞ்சு மணி டிரெயின்ல ஜோலார்பேட்டைல ஏறி ஊருக்கு வந்து இறங்கினா, அதே படிக்கட்டு, அதே தண்ணி லாரி, அட்ரஸ் சொன்னாலே மூஞ்ச சுளிக்கிற அதே ஆளுங்க. முதல் ரெண்டு பேட்ச்ல நாங்க ஒண்ணு ரெண்டு மீட்டிங்கோட விட்டுட்டோம். மூணு மாசம் கழிச்சு பாத்தா மலைல பாத்த பிள்ளை எங்க போச்சுன்னே தெரியாது. அதனால தான் இப்போ ஆறு மாச சந்திப்பு, மாசம் ஒரு நாள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு நடை. 2022ல ராம்சர்னு உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல வந்த இடம், நிறைய பேருக்கு வீட்டுல இருந்து ரெண்டு பஸ் ஸ்டாப், குப்பை மேடுன்னு தான் தெரியும். பூநாரை வர்ற சீசன்ல மலைல லீடரா இருந்த பிள்ளைங்க பக்கத்து வீட்டு குட்டிப் பசங்கள கூட்டிட்டு வந்து காட்டணும், அது தான் வேலை. பைனாகுலர் ரெண்டே ரெண்டு, அதுக்கு நடக்குற சண்டை வேற லெவல்.

இதுக்கு காசு கேட்டா தான் கிடைக்காது. மலைக்குக் காசு வாங்கறது கஷ்டம் இல்ல. ஒரு கம்பெனில சிஎஸ்ஆர், அதாவது சமூக சேவைக்கு ஒதுக்குற காசைப் பாத்துக்கற ஒரு சார் எங்க கிட்ட உச்சில லோகோ டிஷர்ட்டோட குரூப் போட்டோ வேணும்னார், சரி. அடுத்து "டிரிப்புக்கு முன்னாடி எப்டி இருந்தாங்க, அப்புறம் எப்டி மாறிட்டாங்கன்னு ரெண்டு நிமிஷ வீடியோ, பிள்ளைங்க அழுதா நல்லது"ன்னார். அந்த வருஷம் ஒரு பேட்ச் கம்மியா போனோம்.

அந்த ராப்பெல்லிங் பையன போன மாசம் பாத்தேன். சோழிங்கநல்லூர் சிக்னல்ல, டெலிவரி பையை மாட்டிட்டு பைக்ல. மீசை எல்லாம் வெச்சு ஆளே மாறிட்டான், அவன் தான் என்னை கண்டுபிடிச்சான்.

"அக்கா, இன்னும் கயிறு கட்டி எறக்குறீங்களா?"

"எறக்குறோம்டா. வேணாம்னு சொன்னா விட்டுடறோம் இப்போ."

அவன் கொஞ்ச நேரம் சிக்னல்ல ஓடுற நம்பரையே பாத்துட்டு, "அப்போ நான் மேலயே உக்காந்து வேடிக்கை பாத்திருப்பேன்"ன்னான். சாரிடான்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு, பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அவன் போயிட்டான்.